சுட்டவர் குற்றவாளி, சரி... துப்பாக்கியைச் செய்தவர் மீதும் விற்றவர் மீதும் வழக்குப் போட முடியுமா?

2025 ஜூன் 5. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரு துப்பாக்கி வழக்கில் ஒரே முடிவுக்கு வந்தார்கள். துப்பாக்கி என்றாலே பெரும்பாலும் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கும் நீதிமன்றம் அது. அதனால் தீர்ப்பைவிட, அந்த ஒற்றுமைதான் பலரைத் திரும்பிப் பார்க்கவைத்தது.

வழக்குப் போட்டது தனிமனிதர் அல்ல, ஒரு நாடு. மெக்சிகோ. எதிர்த்தரப்பில் ஸ்மித் அண்ட் வெஸன் போன்ற துப்பாக்கி நிறுவனங்கள். அமெரிக்காவில் தயாராகும் துப்பாக்கிகள் எல்லை தாண்டிப் போதைப்பொருள் கும்பல்களின் கைக்குப் போகின்றன, அது தெரிந்தும் நிறுவனங்கள் கண்டுகொள்வதில்லை என்பது மெக்சிகோவின் வாதம்.

துப்பாக்கிகள் எல்லை தாண்டுவதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனாலும் வழக்கு தள்ளுபடி. காரணம், 2005ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டம்.

அமெரிக்காவில் எங்கேயாவது துப்பாக்கிச் சூடு நடந்தால், உங்கள் ஃபோனில் வரும் செய்திகளில் இந்தச் சட்டம் அடிக்கடி தலைகாட்டும். அது என்ன சொல்கிறது, யாரைக் காப்பாற்றுகிறது, யாருக்கு என்ன இழப்பு? பார்க்கலாம் வாங்க.

அது என்ன சட்டம்?

தமிழில் சொன்னால், 'சட்டபூர்வ ஆயுத வணிகப் பாதுகாப்புச் சட்டம்'. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'பி.எல்.சி.ஏ.ஏ.' என்பார்கள். அப்போதைய அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2005 அக்டோபர் 26ஆம் தேதி அதில் கையெழுத்துப் போட்டார்.

அதன் சாரம் எளிமையானது. யாரோ ஒருவர் துப்பாக்கியைக் குற்றத்துக்குப் பயன்படுத்துகிறார். அதனால் ஏற்பட்ட சேதத்துக்காக, அதைத் தயாரித்தவர் மீதோ விற்றவர் மீதோ இழப்பீடு கேட்டு வழக்குப் போட முடியாது. மத்திய நீதிமன்றத்திலும் முடியாது, மாநில நீதிமன்றத்திலும் முடியாது. தோட்டா விற்பவர்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சட்டம் வந்த அன்று நீதிமன்றங்களில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த அத்தகைய வழக்குகளையும் தள்ளுபடி செய்யச் சொன்னது. அதாவது, புதிய வழக்குகளுக்கு மட்டும் அல்ல. பழைய வழக்குகளுக்கும் கதவு மூடப்பட்டது.

"அப்போ அவங்க மேல வழக்கே போட முடியாதா?"

அதான் இல்லை. இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஜோ பைடன் அதிபராக இருந்தபோது, வழக்கிலிருந்து விலக்குப் பெற்ற ஒரே துறை துப்பாக்கித் துறைதான் என்று பேசினார். அது மிகை.

முதலாவது, சட்டத்திலேயே ஆறு விதிவிலக்குகள் இருக்கின்றன. அவற்றைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாவது, வேறு துறைகளுக்கும் ஏதோ ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பயனீட்டாளர்கள் பதிவிடும் விஷயங்களுக்காக இணைய நிறுவனங்கள் மீது வழக்குப் போடுவதை 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230ஆம் பிரிவு பெருமளவு தடுக்கிறது. தடுப்பூசி நிறுவனங்களுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது.

ஆனால் தடுப்பூசிச் சட்டத்தில் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. ஒவ்வொரு தடுப்பூசிக்கும் ஒரு சிறு வரி வசூலிக்கப்படுகிறது. அந்தப் பணம் ஒரு நிதியில் சேர்கிறது. பாதிக்கப்பட்டவர் நிறுவனத்தோடு மல்லுக்கட்டாமல் அந்த நிதியிலிருந்து இழப்பீடு கேட்கலாம். ஒரு கதவை மூடியவர்கள் இன்னொரு கதவைத் திறந்துவைத்தார்கள். துப்பாக்கிச் சட்டத்தில் அப்படி ஒரு மாற்றுவழி எழுதப்படவில்லை.

மேலும், அமெரிக்காவில் பொருள்களின் பாதுகாப்பைக் கவனிக்கப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஓர் அமைப்பு உண்டு. பொம்மை, தொட்டில், ஹேர் டிரையர் எல்லாம் அதன் கண்காணிப்பில் வரும். துப்பாக்கியும் தோட்டாவும் வராது. பாதுகாப்புக் கோளாறு என்று சொல்லி ஒரு துப்பாக்கியைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளச் சொல்லும் அதிகாரம் அந்த ஆணையத்துக்குக் கிடையாது. அதனால்தான் நீதிமன்றத்தின் கதவு சிலருக்கு இவ்வளவு முக்கியமாகத் தெரிகிறது.

இந்தச் சட்டம் ஏன் வந்தது?

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1998இல் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் 46 மாநிலங்களுடன் ஒரு பெரிய சமரசத்துக்கு வந்தன. 25 ஆண்டுகளில் 200 பில்லியன் டாலருக்கும் அதிகமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டன. நாடாளுமன்றம் செய்யாததை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுச் செய்யவைக்கலாம் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது.

அதே ஆண்டு இறுதியில் நியூ ஆர்லியன்ஸ் நகரமும் ஷிக்காகோ நகரமும் துப்பாக்கித் துறை மீது வழக்குத் தொடுத்தன. அடுத்தடுத்து 30க்கும் மேற்பட்ட நகரங்களும் வட்டாரங்களும் அதே பாதையில் இறங்கின. காவல்துறைச் செலவு, மருத்துவமனைச் செலவு எல்லாம் நாங்கள்தானே சுமக்கிறோம், அதில் உங்களுக்குப் பங்கில்லையா என்று அந்த நகரங்கள் கேட்டன.

புகையிலை நிறுவனங்களைப் போல் துப்பாக்கி நிறுவனங்கள் பணபலம் கொண்டவை அல்ல. வழக்கில் தோற்க வேண்டும் என்றுகூட இல்லை. 30 நகரங்களில் வழக்கறிஞர் கட்டணம் கட்டினாலே பல நிறுவனங்கள் நொடித்துப்போகும் நிலை.

2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் கிளின்டன் அரசாங்கத்துடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. துப்பாக்கியில் பூட்டு, விற்பனையாளர்களுக்குக் கட்டுப்பாடு என்று பல மாற்றங்களுக்கு அது சம்மதித்தது. விளைவு? துப்பாக்கி ஆதரவாளர்கள் அதன் பொருள்களைப் புறக்கணித்தார்கள். விற்பனை சரிந்தது. மறு ஆண்டே நிறுவனம் குறைந்த விலைக்குக் கைமாறியது. மற்ற நிறுவனங்களுக்கு அது ஒரு பாடம். சமரசம் பேசுவதைவிடச் சட்டத்தை மாற்றுவதே மேல் என்ற முடிவுக்கு அத்துறை வந்தது.

2002 அக்டோபரில் வாஷிங்டன் வட்டாரத்தையே நடுங்கவைத்த மறைந்திருந்து சுடும் சம்பவங்கள் நடந்தன. அந்த மாதம் அங்கே 10 பேர் கொல்லப்பட்டார்கள். பயன்பட்ட துப்பாக்கி, வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நகரக் கடை ஒன்றிலிருந்து காணாமல்போனது. அந்தக் கடையில் 200க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்குக் கணக்கே இல்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. 2004இல் கடையும் துப்பாக்கியைத் தயாரித்த புஷ்மாஸ்டர் நிறுவனமும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களுக்குச் சுமார் 2.5 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன.

அடுத்த ஆண்டு சட்டம் நிறைவேறியது. செனட்டில் 65க்கு 31. கீழவையில் 283க்கு 144. குடியரசுக் கட்சியினர் மட்டும் ஆதரித்த சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜனநாயகக் கட்சியினர் பலரும் ஆதரித்தார்கள். இடதுசாரி அரசியலுக்குப் பெயர்போன பெர்னி சாண்டர்ஸும் ஆதரித்து வாக்களித்தார். 2016 தேர்தலில் ஹில்லரி கிளின்டன் அதைச் சொல்லியே அவரைத் துளைத்தெடுத்தார்.

"கத்தியால குத்தினா, கத்தி செய்றவங்க மேலயா வழக்குப் போடுவோம்?"

நியாயமான கேள்வி. சட்டத்தை ஆதரிப்பவர்களின் முதல் வாதமே இதுதான். பொருளில் கோளாறு இல்லை. சட்டப்படி செய்தார்கள், சட்டப்படி விற்றார்கள். வேறு ஒருவர் செய்த குற்றத்துக்கு அவர்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? துப்பாக்கி யாருக்கு விற்கலாம், யாருக்கு விற்கக்கூடாது என்பதை மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் முடிவுசெய்யட்டும். ஏதோ ஒரு நகரத்து ஜூரி அல்ல என்பது அவர்களின் இரண்டாவது வாதம்.

எதிர்ப்பவர்கள் இப்படிப் பதில் சொல்கிறார்கள்: கோளாறு பொருளில் இல்லாமல் இருக்கலாம், விற்கும் விதத்தில் இருக்கலாமே?

அமெரிக்காவில் துப்பாக்கி, தொழிற்சாலையிலிருந்து மொத்த விநியோகிப்பாளருக்குப் போகும். அங்கிருந்து உரிமம் பெற்ற கடைக்கு. வாங்குபவர் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் அவருடைய பின்னணியைச் சோதிக்க வேண்டும். ஆனால் சோதனையில் தேறும் ஒருவர், தேறாத இன்னொருவருக்காக வாங்கிக்கொடுத்தால்? அதற்குப் 'பினாமிக் கொள்முதல்' என்று சொல்லலாம். ஒரே ஆள் ஒரே நாளில் ஒரே மாதிரி பத்துத் துப்பாக்கி வாங்கினால், அனுபவமுள்ள கடைக்காரருக்கு ஏதோ சரியில்லை என்று தெரியாதா?

இங்கே ஒரு புள்ளிவிவரம் முக்கியம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மது, புகையிலை, துப்பாக்கி அமலாக்க அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. குற்றங்களுக்குப் பிறகு தடம் தேடப்பட்ட துப்பாக்கிகளில் 57 விழுக்காடு, 1.2 விழுக்காட்டுக் கடைகளிலிருந்து வந்தவை என்றது அந்த அறிக்கை. பெரும்பாலான கடைக்காரர்கள் ஒழுங்காக நடக்கிறார்கள். பிரச்சினை ஒரு சிறு கூட்டத்திடம் குவிந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம். கடை பெரியதாக இருந்தால் தடமும் அதிகம் வரும் என்ற மறுப்பும் உண்டு.

எந்தக் கடை என்று பொதுமக்களுக்குத் தெரியவருமா? அதுவும் கடினம். 2003இலிருந்து அமெரிக்க நாடாளுமன்றம் அந்தத் தடத் தகவல்களை வெளியிடுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்திருக்கிறது.

ஆறு விதிவிலக்குகள், சில நிஜ வழக்குகள்

சட்டத்தின் ஆறு விதிவிலக்குகளையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அவற்றில் அடிக்கடி பயன்படுபவை மூன்று.

*ஒன்று: தெரிந்தே தவறான கையில் கொடுத்தால்...*

2012இல் மிசூரி மாநிலத்தில் ஒரு தாய் ஒரு துப்பாக்கிக் கடைக்கு ஃபோன் செய்தார். தம் மகளுக்குக் கடுமையான மனநோய், அவருக்குத் துப்பாக்கி விற்காதீர்கள் என்று கெஞ்சினார். மகளின் விவரங்களையும் கொடுத்தார். இரண்டு நாளில் மகள் அதே கடைக்குப் போனார். கடை விற்றது. வாங்கிய சற்று நேரத்தில் மகள் தம் தந்தையைச் சுட்டுக் கொன்றார்.

தாய் வழக்குத் தொடுத்தார். சாதாரண கவனக்குறைவு என்ற அடிப்படையில் வழக்கு நடத்த முடியாது, அதைப் பி.எல்.சி.ஏ.ஏ. தடுக்கிறது என்று 2016இல் மிசூரி உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஆபத்து என்று தெரிந்தே ஒருவர் கையில் ஆயுதத்தை ஒப்படைத்தது வேறு. அதற்கு விதிவிலக்கு உண்டு என்று வழக்கை அனுமதித்தது. கடைசியில் கடை 2.2 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் பினாமிக் கொள்முதல் மூலம் வாங்கப்பட்ட துப்பாக்கியால் இரண்டு காவல்துறை அதிகாரிகள் சுடப்பட்டார்கள். கண்ணெதிரே இருந்த அறிகுறிகளைக் கடை கண்டுகொள்ளவில்லை என்று 2015இல் ஜூரி முடிவுசெய்தது. ஏறக்குறைய 6 மில்லியன் டாலர் இழப்பீடு விதித்தது. பிறகு இரு தரப்பும் அதைவிடக் குறைந்த தொகைக்குச் சமரசமானார்கள்.

*இரண்டு: விற்பனை, விளம்பரம் தொடர்பான சட்டத்தைத் தெரிந்தே மீறினால்...*

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் நகரில் சேண்டி ஹுக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். சுட்டவருக்கு வயது 20. துப்பாக்கி அவருடைய தாயார் சட்டப்படி வாங்கியது. அதனால் கடையைக் குறை சொல்வது கடினம்.

ஒன்பது குடும்பங்கள் வேறு வழியைத் தேடின. அந்த ராணுவ பாணித் துப்பாக்கியை, ஆண்மையோடும் போர்க்களத்தோடும் இணைத்து இளைஞர்களைக் கவரும் வகையில் விளம்பரம் செய்தது கனெக்டிகட்டின் நியாயமற்ற வணிக நடைமுறைச் சட்டத்தை மீறுகிறது என்று வாதிட்டன. 2019இல் மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் அந்த வாதத்தை விசாரணைக்கு அனுமதித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2022 பிப்ரவரியில், திவாலாகிப்போன ரெமிங்டன் நிறுவனத்தின் காப்புறுதி நிறுவனங்கள் 73 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன.

*மூன்று: பொருளிலேயே கோளாறு என்றால்...*

துப்பாக்கி கையிலேயே வெடித்தால் வழக்குப் போடலாம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விசையை யாராவது இழுத்து, அது குற்றச்செயலாகவும் இருந்தால், இந்த விதிவிலக்குப் பெரும்பாலும் உதவாது.

2016இல் பென்சில்வேனியாவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். தோட்டா உறையைக் கழற்றிவிட்டதால் துப்பாக்கி காலி என்று நினைத்து 14 வயது நண்பன் விசையை இழுத்தான். உள்ளே ஒரு தோட்டா மிச்சமிருந்தது. உறையைக் கழற்றினால் சுட முடியாதபடி வடிவமைக்கலாமே, ஏன் செய்யவில்லை என்று பெற்றோர் கேட்டார்கள். நண்பன் செய்தது சட்டப்படி குற்றம் என்பதால் விதிவிலக்குப் பொருந்தாது, வழக்கு செல்லாது என்று 2025இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டு பிள்ளைகள். யாரும் கொலை செய்ய நினைக்கவில்லை. அப்படியும் கதவு திறக்கவில்லை.

பணம் மட்டும்தான் பிரச்சினையா?

இல்லை. உண்மையில், இந்தச் சட்டத்தின் பெரிய தாக்கம் பணத்தில் இல்லை என்றே சொல்லலாம். ஆவணங்களில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு சிவில் வழக்கு முதல் கட்டத்தைத் தாண்டினால், இரு தரப்பும் தங்கள் உள் ஆவணங்களை, மின்னஞ்சல்களை, கூட்டக் குறிப்புகளைக் காட்ட வேண்டும். புகையிலை நிறுவனங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, எப்போதிலிருந்து தெரிந்திருந்தது என்பதை உலகம் பெருமளவு அறிந்துகொண்டது அப்படித்தான். பி.எல்.சி.ஏ.ஏ. வழக்கை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலேயே போகிறது.

சேண்டி ஹுக் குடும்பங்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தன. பணம் மட்டும் போதாது. வழக்கில் கிடைத்த ஆயிரக்கணக்கான பக்க ஆவணங்களை வெளியிடவும் அனுமதி வேண்டும் என்று விடாப்பிடியாக நின்று வாங்கின.

காப்புறுதியும் முக்கியம். 73 மில்லியன் டாலரைக் கொடுத்தது துப்பாக்கி நிறுவனம் அல்ல, காப்புறுதி நிறுவனங்கள் என்று பார்த்தோம். வழக்கு வரும் அபாயம் இருந்தால், விளம்பரத்தை மாற்று, கணக்கை ஒழுங்காக வை என்று காப்புறுதி நிறுவனமே நெருக்கும். அபாயம் இல்லையென்றால் அந்த நெருக்குதலும் இல்லை.

வழக்குப் போட்டுத் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2012 ஜூலையில் கொலராடோ மாநிலம் ஆரோராவில் திரையரங்கு ஒன்றில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் ஆயிரக்கணக்கான தோட்டாக்களை இணையத்தில் வாங்கியிருந்தார். மகளை இழந்த பெற்றோர் தோட்டா விற்ற நிறுவனம் மீது வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு தள்ளுபடியானது. அதோடு, அப்போதிருந்த மாநிலச் சட்டப்படி, எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் கட்டணமாக 200,000 டாலருக்கு மேல் கொடுக்கும்படியும் அவர்களுக்கு உத்தரவிடப்பட்டது. 2023இல் கொலராடோ அந்த விதியை நீக்கிவிட்டது.

சரி, மெக்சிகோ ஏன் தோற்றது?

மெக்சிகோவில் துப்பாக்கி வாங்குவது மிகக் கடினம். ராணுவம் நடத்தும் ஓரிரு கடைகளில் மட்டுமே சட்டப்படி வாங்க முடியும். அப்படியும் கும்பல்களின் கையில் ஆயுதம் குவிந்துகிடக்கிறது. 2021 ஆகஸ்டில் மெக்சிகோ அரசாங்கம் ஏழு தயாரிப்பு நிறுவனங்கள் மீதும் ஒரு விநியோக நிறுவனம் மீதும் மாசசூசெட்ஸில் வழக்குத் தொடுத்தது. கேட்ட இழப்பீடு சுமார் 10 பில்லியன் டாலர்.

மெக்சிகோ நம்பியது அந்த இரண்டாவது விதிவிலக்கை. கடைகள் சட்டவிரோதமாக விற்கின்றன; அதற்கு நிறுவனங்கள் தெரிந்தே உடந்தை என்றது. மெக்சிகோப் புரட்சித் தலைவர் எமிலியானோ ஸபாட்டா படத்தோடு கோல்ட் நிறுவனம் வெளியிட்ட கைத்துப்பாக்கி போன்றவற்றை உதாரணம் காட்டியது.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எலெனா கேகன். ஒபாமா நியமித்தவர், தாராளவாத அணியைச் சேர்ந்தவராகக் கருதப்படுபவர். உடந்தை என்று சொல்ல, கண்டுகொள்ளாமல் இருந்தது மட்டும் போதாது என்றார் அவர். எந்தக் கடை, எந்த விற்பனை, அதில் நிறுவனம் எப்படிக் கைகொடுத்தது என்று மெக்சிகோ குறிப்பாகச் சொல்லவில்லை. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் விற்பது இடையிலுள்ள விநியோகிப்பாளர்களுக்குத்தான். ஸ்பானியப் பெயரும் படமும் உள்ள துப்பாக்கியைச் சட்டத்தை மதிப்பவர்களும் விரும்பி வாங்கலாம்.

இந்த இடத்தில் 1943ஆம் ஆண்டு வழக்கு ஒன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு மருந்து நிறுவனம், ஒரு சிற்றூர் மருத்துவருக்கு அளவுக்கு மீறி மார்ஃபின் விற்றது. தள்ளுபடி கொடுத்து மேலும் வாங்கவைத்தது. அது உடந்தைதான் என்றது நீதிமன்றம். அங்கே வாங்கியவர் யார், எவ்வளவு வாங்கினார் என்பது நிறுவனத்துக்குத் தெளிவாகத் தெரியும். மெக்சிகோவின் மனுவில் அந்தத் தெளிவு இல்லை.

அதனால் இந்தத் தீர்ப்பை, இனி எந்த வழக்கும் செல்லாது என்று படிக்கக்கூடாது. குறிப்பிட்ட கடைகளைப் பெயர் சொல்லி அரிசோனாவில் மெக்சிகோ 2022இல் தொடுத்த இன்னொரு வழக்கு இதிலிருந்து வேறுபட்டது.

"இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

சிங்கப்பூரில் துப்பாக்கியைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினால் தண்டனை மரண தண்டனை வரை போகும். கடைக்குப் போய்ச் சட்டென்று ஒன்றை வாங்கும் நிலையே இங்கு இல்லை. அதனால் இந்த வழக்கு நமக்குத் தூரத்து விஷயம் போலத் தெரியலாம்.

ஆனால் மெக்சிகோ தீர்ப்புக்கு அடித்தளமாக அமைந்த முக்கியமான முன்னுதாரணங்களில் ஒன்று எது தெரியுமா? டுவிட்டர் வழக்கு. 2017 புத்தாண்டு இரவில் இஸ்தான்புல் கேளிக்கை விடுதியில் 39 பேர் கொல்லப்பட்டார்கள். ஐ.எஸ். அமைப்பு தங்கள் தளங்களைப் பயன்படுத்த அனுமதித்ததாக டுவிட்டர், ஃபேஸ்புக், கூகல் மீது ஒரு குடும்பம் வழக்குத் தொடுத்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் 9க்கு 0 என்று நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கும் சேவையைச் சிலர் தவறாகப் பயன்படுத்தினால், அதைத் தடுக்கத் தவறியது மட்டுமே உடந்தையாகிவிடாது என்பது அதன் சாரம்.

துப்பாக்கி, சமூக ஊடகம் இரண்டும் வெவ்வேறு. கேள்வி ஒன்றுதான்: நான் செய்த பொருளை இன்னொருவர் கெட்டதற்குப் பயன்படுத்துவார் என்று எனக்குத் தெரியும்; அப்போது என் பொறுப்பு எங்கே முடிகிறது? நாளை செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பற்றியும் நீங்கள் இதே கேள்வியைக் கேட்கப்போகிறீர்கள். 2022இல் டெக்சஸ் மாநிலம் யுவால்டியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். அவர்களின் குடும்பங்கள் 2024இல் தொடுத்த வழக்குகளில் துப்பாக்கி நிறுவனத்தோடு, இன்ஸ்டகிராமை நடத்தும் மெட்டாவும் 'கால் ஆஃப் டியூட்டி' விளையாட்டை வெளியிடும் ஆக்டிவிஷனும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கப்பட்டன.

அடுத்து எதைக் கவனிக்கலாம்?

இப்போது களம் மாநிலங்களுக்கு மாறியிருக்கிறது. பி.எல்.சி.ஏ.ஏ.யை நீக்க வாஷிங்டனில் பலமுறை முயற்சி நடந்தும் பலிக்கவில்லை. அதனால் சில மாநிலங்கள் அந்தச் சட்டத்தின் இரண்டாவது விதிவிலக்கையே சாவியாக்கிக்கொண்டன.

துப்பாக்கி விற்பனைக்கே உரிய புதிய மாநிலச் சட்டம் ஒன்றை எழுதிவிட்டால், அதைத் தெரிந்தே மீறும் நிறுவனம் மீது வழக்குப் போடலாம் அல்லவா? 2021இல் நியூயார்க் அதைச் செய்தது. கள்ளச்சந்தைக்குத் துப்பாக்கி கசியாமல் இருக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது நிறுவனங்களின் கடமை என்றது அந்தச் சட்டம். 2022இல் கலிஃபோர்னியா பின்தொடர்ந்தது. வேறு சில மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. நியூயார்க் சட்டத்தை எதிர்த்துத் துப்பாக்கித் துறை போட்ட வழக்கை 2025இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. இண்டியானா மாநிலத்து கேரி நகரம் 1999இல் தொடுத்த வழக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் இழுத்தது. அதை முடிப்பதற்கென்றே 2024இல் மாநில மன்றம் ஒரு சட்டம் இயற்றியது.

2023இல் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் 46,728 பேர் மாண்டனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்களைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். வழக்குகள் அத்தனை பேரையும் காப்பாற்றியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. சட்டம் இல்லாமல் போனால் எல்லா வழக்கும் வெல்லும் என்பதும் உண்மை அல்ல. உடந்தையை நிரூபிப்பது அப்போதும் கடினம்தான்.

ஆகவே அடுத்த முறை இந்தச் சட்டம் பற்றிய செய்தியைப் பார்த்தால், யார் ஜெயித்தார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். வழக்கு எந்தக் கட்டத்தில் நின்றது என்று பாருங்கள். சாட்சிகளையும் ஆவணங்களையும் பார்த்து ஒரு ஜூரி 'இல்லை' என்று சொன்னதா, அல்லது ஒரு பக்கம்கூடத் திறக்கப்படாமல் வாசலிலேயே முடிந்ததா? ஃபோனில் கெஞ்சிய அந்த மிசூரித் தாய்க்குக் கடைசியில் ஒரு பதில் கிடைத்தது. மகனை இழந்த பென்சில்வேனியாப் பெற்றோருக்குத் தங்கள் கேள்வியை ஒரு ஜூரி முன் வைக்கவே வாய்ப்புக் கிடைக்கவில்லை.